பாறைக்கு எத்தனை மெகாபாஸ்கல்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "இந்தப் பாறையோட வலிமை எவ்வளவு சார்?" கேட்பவரின் கணினித் திரையில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் ஒரு எண் விழுந்தால்தான் அவருடைய கணக்கு ஓடும். நான் உடனே எண்ணைச் சொல்வதில்லை. "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். இரும்புக் கம்பியின் வலிமையைக் கேட்டால் யாரும் இப்படித் திருப்பிக் கேட்பதில்லையே என்று நினைப்பார்கள். நியாயம்தான்.

கம்பி ஆலையில் வருவது, ஒரே அளவுகோலுக்குச் செய்யப்பட்டது. பாறையை யாரும் நமக்காகச் செய்து தரவில்லை. ஒரே மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தைச் சாலைக்காக வெட்டினால் அந்தப் பாறைக்கு ஒரு வலிமை. அதன் அடியில் சுரங்கப்பாதை குடைந்தால் வேறு வலிமை. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதே கல் இன்னொரு மாதிரி நடந்துகொள்ளும். எவ்வளவு பெரிய துண்டு, எந்தத் திசையில் சுமை, சுற்றிலும் எவ்வளவு நெருக்கம் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் சொல்லப்படும் எண்ணை நான் நம்புவதில்லை.

முதலில் ஆய்வகம். துளையிட்டு எடுத்த உருளைக் கல்லில், பெரும்பாலும் 54 மில்லிமீட்டர் விட்டம், விட்டத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, இரண்டு முனைகளையும் தட்டையாகத் தேய்த்து, இயந்திரத்தில் நிறுத்தி நசுக்குவார்கள். பக்கவாட்டில் எந்தப் பிடிமானமும் இருக்காது. உடையும்போது இருந்த சுமையை முகப்பரப்பால் வகுத்தால் கிடைப்பதுதான் யூசிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் அழுத்த வலிமை. இதை அழுத்தத்தின் அலகான மெகாபாஸ்கலில் சொல்வார்கள். நல்ல கிரானைட் 150, 200 மெகாபாஸ்கல் காட்டும். வீடு கட்டும் சாதாரண கான்கிரீட் 25, 30தான். அப்படிப் பார்த்தால் கிரானைட்டில் வெட்டிய எந்தச் சரிவும் விழவே கூடாது. விழுகிறது. அதுவும் அடிக்கடி.

காரணத்தின் ஒரு பகுதி, அளவு. சின்னத் துண்டில் குறைகள் குறைவு, பெரிய துண்டில் அதிகம். பாறைப் பொறியியலாளர்கள் ஹோக்கும் பிரவுனும் பழைய சோதனைகளைத் தொகுத்துக் கொடுத்த தொடர்பின்படி, 50 மில்லிமீட்டர் விட்ட மாதிரி 100 மெகாபாஸ்கல் தாங்கினால், 200 மில்லிமீட்டர் விட்ட மாதிரி சுமார் 78தான் தாங்கும். விட்டம் நான்கு மடங்கானதற்கே இந்தச் சரிவு. இன்னும் விரிசல் கணக்கில் வரவே இல்லை. இது முழுக்கல்லின் கதை மட்டும்தான்.

திசையும் உண்டு. ஸ்லேட், சிஸ்ட் போன்ற ஏடு ஏடாகப் பிரியும் கற்களில், ஏடுகளுக்குச் செங்குத்தாக அழுத்தினால் ஒரு எண் வரும். சுமையின் திசைக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் ஏடுகள் இருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அறிக்கையில் "சிஸ்ட், 60 மெகாபாஸ்கல்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் திசையில் அழுத்தினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். அநேகமாகப் பதில் வராது.

ஆய்வக எண்ணைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. சோதனைக்கு வரும் துண்டு எப்படி வருகிறது? துளையிட்டு எடுத்த உருளைக் கல்லுக்குக் கோர் என்று பெயர். அதை அடுக்கிவைத்த கோர் பெட்டியைத் திறந்தால் மூன்று மீட்டர் ஓட்டத்தில், அதாவது ஒரே தடவையாகத் துளைத்து எடுத்த நீளத்தில், நாலைந்து நீளத் துண்டுகள், சில கைப்பிடித் துண்டுகள், நடுவில் சரளை, ஓரிடத்தில் வெறும் மரக்கட்டை. அந்தக் கட்டையில் "கோர் இழப்பு, 40 செ.மீ." என்று பேனாவால் எழுதியிருக்கும். ஆய்வகத்துக்குப் போவது நீளத் துண்டு. சரளையை யாரும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் சோதிக்க முடியாது. காணாமல் போன அந்த 40 சென்டிமீட்டர் களிமண்ணோ, நொறுங்கிய பிளவுமண்டலமோ, தண்ணீரோடு கரைந்து போய்விட்டது. ஆக, பத்துச் சோதனைகளின் சராசரி என்று மேசைக்கு வருவது, துளைக்கருவியின் அதிர்ச்சியையும் தாங்கி முழுதாக வந்த பத்துத் துண்டுகளின் சராசரி. மலையின் சராசரி அல்ல.

இதனால்தான் கோர் பெட்டிக்கு முன்னால் உட்காராமல் எண்ணைத் தொடக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன். படம் அனுப்பினால் போதாது. ஒவ்வொரு உடைப்பையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். துளையிடும்போது உடைந்த முகம் புதிதாக, பளிச்சென்று, சொரசொரப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் இழைபிசகாமல் பொருந்தும். மலையிலேயே இருந்த விரிசலின் முகத்தில் துருக்கறை இருக்கும், அல்லது வெள்ளையாகக் கால்சைட் படிந்திருக்கும், அல்லது விரலில் வழுவழுவென்று ஒட்டும் ஒரு மெல்லிய பூச்சு. சில முகங்கள் கண்ணாடி போல மினுங்கி, ஒரே திசையில் கீறல் கோடுகளோடு இருக்கும். எப்போதோ ஒரு காலத்தில் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிய தளம் அது. அதைப் பார்த்ததும் நான் பெட்டியின் மற்ற துண்டுகளை மறந்துவிடுவேன். வடிவமைப்பைத் தீர்மானிக்கப் போவது பெரும்பாலும் அந்த ஒரு முகம்தான்.

துளையிடுபவரிடமும் பேசிவிட வேண்டும். தண்ணீர் எந்த ஆழத்தில் திரும்பி வரவில்லை, நிறம் எங்கே மாறியது, கம்பி எங்கே திடீரென்று இறங்கியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படிவத்தில் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கும். ஆனால் நேரில் கேட்டால் வருவதில் பாதிதான் படிவத்தில் இருக்கும்.

களத்தில் ஆய்வகம் இல்லாதபோது சுத்தியலும் பேனாக்கத்தியும் போதும். சர்வதேசப் பாறை இயந்திரவியல் கழகம் இதை முறைப்படி அட்டவணையாகவே போட்டுவைத்திருக்கிறது. கத்தியால் சீவ முடிந்தால் 5 மெகாபாஸ்கலுக்குள். சிரமப்பட்டுச் சீவினால் 25 வரை. கத்தி ஏறவில்லை, ஆனால் சுத்தியலால் ஓங்கி ஒரே அடியில் உடைகிறது என்றால் 25 முதல் 50. ஒன்றுக்கு மேல் அடி வேண்டுமென்றால் 50 முதல் 100. பல அடிகள் என்றால் 100க்கு மேல். அடித்தால் சில்லு மட்டும் தெறிக்கிறது என்றால் 250ஐத் தாண்டிவிட்டது. கரடுமுரடான முறைதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது. அனுபவமுள்ளவர் சுத்தியலால் சொல்லும் வரம்பு ஆய்வக எண்ணோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். புள்ளிச்சுமைக் கருவி இன்னும் கொஞ்சம் நம்பகம். கூம்பு முனைகள் இரண்டுக்கு நடுவில் கோர் துண்டை வைத்து உடைப்பது. அதில் வரும் எண்ணை 24ஆல் பெருக்கினால் யூசிஎஸ் என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த 24 எல்லாக் கல்லுக்கும் செல்லாது. மென்மையான கற்களில் அது 15க்கும் கீழே இறங்கலாம். அந்தந்த இடத்துக்கு யூசிஎஸ் சோதனையோடு ஒப்பிட்டு அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்வதுதான் முறை.

சரி, முழுக்கல்லின் வலிமை ஓரளவு கையில் வந்துவிட்டது. இப்போது விரிசல்.

1959 டிசம்பர் 2 இரவு, தெற்கு பிரான்சில் மல்பாசே அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட்டில் பெரிய குறை எதுவும் இல்லை. அணையின் இடது தோள் சாய்ந்திருந்த நைஸ் பாறையில், ஏடுகளும் ஒரு பிளவுத்தளமும் சேர்ந்து ஓர் ஆப்பு வடிவத்தை வெட்டி வைத்திருந்தன. தண்ணீரின் அழுத்தம் அந்த ஆப்பைத் தள்ளியது. நான்கு வருடம் கழித்து, 1963 அக்டோபர் 9 அன்று, இத்தாலியின் வயோந்த் நீர்த்தேக்கத்துக்குள் சுமார் 27 கோடி கனமீட்டர் மலை ஒரேயடியாகச் சறுக்கி விழுந்தது. கிளம்பிய அலை அணையைத் தாண்டிப் போய்க் கிட்டத்தட்ட 2,000 உயிர்களைக் கொண்டுபோனது. அணை இன்னும் அங்கேதான் நிற்கிறது. சறுக்கியது சுண்ணாம்புக்கல், ஆனால் அது சறுக்கிய தளத்தில் இருந்தது மெல்லிய களிமண் அடுக்கு. சுண்ணாம்புக்கல்லை ஆய்வகத்தில் எத்தனை முறை நசுக்கியிருந்தாலும் அந்தக் களிமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்திருக்காது.

சரிவுகளில் இதுதான் வழக்கம். முப்பது மீட்டர் உயரச் சரிவின் அடியில் பாறையின் எடையால் வரும் அழுத்தம் 0.8 மெகாபாஸ்கல் அளவுதான். 100 மெகாபாஸ்கல் கல்லை அது நசுக்கப் போவதில்லை. ஆனால் வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு விரிசலின் மேல் உட்கார்ந்திருக்கும் பாளத்தைச் சறுக்கவிட அது தாராளமாகப் போதும். அதனால் சாலைச் சரிவு என்று சொன்னவுடன் நான் யூசிஎஸ் பக்கத்தைப் புரட்டிவிட்டு விரிசல்களின் சாய்வையும் திசையையும் தேடுவேன். ஒரு தளத்தில் சறுக்குமா, இரண்டு தளம் சேர்ந்து ஆப்பாக நழுவுமா, நிமிர்ந்த ஏடுகள் முன்பக்கம் கவிழுமா என்பது முதலில் தெரிய வேண்டும். வலிமை எண்ணின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, அதுவும் அந்தக் குறிப்பிட்ட தளத்தின் உராய்வுக்கு.

உராய்வு என்பதும் நிலையான எண் அல்ல. 1966இல் பாட்டன் ரம்பப்பல் போன்ற முகங்களைச் சறுக்கவிட்டுக் காட்டியது இதைத்தான்: மேலே எடை குறைவாக இருந்தால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகும். எடை கூடினால் பற்கள் முறிந்துவிடும். பிறகு பார்ட்டன் இதை ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். முகத்தின் சொரசொரப்புக்கு 0 முதல் 20 வரை ஒரு மதிப்பெண்; விரிசல் சுவரின் அழுத்த வலிமை ஒன்று; அடிப்படை உராய்வுக் கோணம் ஒன்று. நடுத்தரச் சொரசொரப்பு 10, சுவர் வலிமை 100 மெகாபாஸ்கல், அடிப்படைக் கோணம் 30 பாகை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். தளத்தின் மேல் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல் என்றால் உராய்வுக் கோணம் 60 பாகை. அழுத்தம் 1 என்றால் 50. அதுவே 10 என்றால் 40. ஒரே விரிசல்தான். சின்னச் சரிவில் அது முரட்டுப் பிடிவாதக்காரன், ஆழத்தில் வழவழப்பானவன். அதனால் "இந்த விரிசலின் உராய்வுக் கோணம் 45" என்று ஒற்றை எண்ணாக எழுதப்பட்ட அறிக்கை எனக்குப் பாதி அறிக்கைதான்.

இந்தக் கணக்கு முகங்கள் ஒன்றோடொன்று தொடும் விரிசலுக்கு. நடுவில் களிமண் புகுந்து முகங்களைப் பிரித்துவிட்டால் சொரசொரப்புக்கு மதிப்பே இல்லை, களிமண்ணின் உராய்வு மட்டும்தான் மிச்சம். ஏற்கெனவே ஒருமுறை சறுக்கிய தளமென்றால் அதன் எஞ்சிய வலிமையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிரம்பினால் தளத்தை அழுத்திப் பிடிக்கும் விசையையே அது குறைத்துவிடும். மழைக்குப் பிறகு சரிவுகள் விழுவதற்குக் கல் நனைந்து பலவீனமாவது மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் விரிசலுக்குள் நிற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் காரணம். வடிகால் துளை போடுவது பல இடங்களில் பாறை ஆணியைவிட மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்கிறது. இதை யாரும் ரசித்துச் செய்வதில்லை. துளையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் படம் பிடித்துப் போட்டால் அழகாக இருக்காது போலிருக்கிறது.

ஒன்றிரண்டு விரிசல் என்றால் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடலாம். நான்கைந்து திசையில் விரிசல் ஓடி, மலையே சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டுப்பட்டிருந்தால்? அப்போது விரிசல்களையும் கட்டிகளையும் சேர்த்து முழுத் திரளுக்கும் ஒரு வலிமை தேவைப்படுகிறது. இதை நேராக அளக்க வழியே இல்லை. அறை அளவு பாறையை வெட்டி எடுத்து எந்த இயந்திரத்தில் வைப்பது? மதிப்பிடத்தான் முடியும்.

இதற்கு வந்த அளவீடுகளில் பழையது, இன்றும் எல்லோரும் முதலில் கேட்பது, ஆர்க்யூடி. 1960களில் டீர் கொண்டுவந்தது. ஓட்டத்தில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, மொத்த நீளத்தால் வகுத்து, சதவீதமாகச் சொல்வது. எளிது, விரைவு. ஆனால் எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை இல்லை. எல்லாத் துண்டும் 11 சென்டிமீட்டர் என்றால் ஆர்க்யூடி 100. எல்லாம் 9 என்றால் பூஜ்யம். இரண்டு பாறைக்கும் நடுவில் உண்மையில் என்ன பெரிய வித்தியாசம்? போதாக்குறைக்கு, செங்குத்தாகத் துளையிட்டால் செங்குத்து விரிசல்கள் கண்ணிலேயே படாது. பியன்யாவ்ஸ்கியின் ஆர்எம்ஆர் 1973லும், பார்ட்டனும் அவருடைய நார்வேக் குழுவும் தந்த க்யூ முறை 1974லும் வந்தன. இரண்டும் விரிசலின் நெருக்கம், முகத்தின் நிலை, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடுகின்றன. சுரங்கப்பாதைக்கு எத்தனை ஆணி, எவ்வளவு ஷாட்கிரீட் (சுவரில் பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) என்று தீர்மானிக்க இவை நல்ல துணை. இரண்டுக்குள்ளும் ஆர்க்யூடி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

வலிமை எண்ணே வேண்டும் என்பவர்கள் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் போவது ஹோக்-பிரவுன் சமன்பாட்டுக்கு. 1980இல் வெளியானது. அதன் பின்னணி சுவையானது. விரிசல் நிறைந்த பாறைத்திரளின் சோதனை விவரம் அப்போது அரிது. பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் பங்குனா திறந்தவெளிச் சுரங்கத்தின் ஆண்டிசைட் பாறையில் எடுத்த பெரிய மாதிரிகளின் முடிவுகள்தான் அவர்களுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தன. உலகெங்கும் இன்று ஓடும் கணக்குகள் பலவற்றின் அடியில் அந்த ஒரு மலையின் கல் இருக்கிறது. 1990களின் நடுவில் ஹோக் ஜிஎஸ்ஐ என்ற குறியீட்டைச் சேர்த்தார். ஒரு விளக்கப்படம்: இடப்பக்கம் பாறை எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது, மேலே விரிசல் முகங்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கின்றன. பாறைமுகத்தின் முன் நின்று, இரண்டையும் பார்த்து, படத்தில் விரலை வைத்தால் 10 முதல் 90 வரை ஒரு எண் கிடைக்கும்.

அந்த விரல் எங்கே விழுகிறது என்பதுதான் விஷயமே. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம். முழுக்கல் வலிமை 100 மெகாபாஸ்கல், வெடியால் சேதமில்லை. நான் ஜிஎஸ்ஐ 60 என்கிறேன். பாறைத்திரளின் அழுத்த வலிமை 10.7 மெகாபாஸ்கல் வருகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பர் 50 என்கிறார், 6.0. மூன்றாமவர் கொஞ்சம் பயந்த சுபாவம், 40 என்கிறார், 3.3. மூவரும் ஒரே முகத்தைத்தான் பார்க்கிறோம். மூவருமே அனுபவசாலிகள் என்றாலும் 10 மதிப்பெண் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். மேலும் கீழும் பத்துப் பத்து தள்ளினால் விடை மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. இதில் போய் ஆய்வக யூசிஎஸ் 100ஆ 104ஆ என்று சண்டை போடுவதில் என்ன இருக்கிறது? இப்படிப்பட்ட சண்டைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் தசமப் புள்ளிகள் பறக்கும், ஜிஎஸ்ஐ யார் போட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதே சமன்பாட்டின் 2002 பதிப்பில் டி என்ற ஒரு காரணியும் உண்டு. வெடி வைத்தும் மேலிருந்த சுமையை அகற்றியும் பாறையை எவ்வளவு கெடுத்தோம் என்பதற்கு. கெடவே இல்லை என்றால் 0, மிக மோசம் என்றால் 1. மேலே சொன்ன ஜிஎஸ்ஐ 50 பாறைக்கு டி பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போனால் வலிமை 6.0இலிருந்து 1.5க்கு விழுகிறது. நான்கில் ஒரு பங்கு! வெடி வைப்பவரின் கைத்திறமைக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்பு கொடுக்கிறேன் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். ஓரத்துளைகளை நெருக்கமாகப் போட்டு, மருந்தைக் குறைத்து, நேரம் பார்த்து வெடித்தால் முகத்தில் பாதித் துளைகளின் தடம் குழாய் போல மிஞ்சி நிற்கும். அவசர வேலையில் அந்தத் தடம் ஒன்றுகூட இருக்காது. ஆனால் இந்தச் சேதம் முகத்திலிருந்து சில மீட்டர் ஆழத்துக்குத்தான். மலை முழுவதற்கும் டி ஒன்று என்று போட்டுவிட்டு, இந்தச் சரிவு நிற்காது என்று முடிவு கட்டும் மாதிரிகளை நிறையப் பார்க்கிறேன். சமன்பாட்டைத் தந்தவர்களே தங்கள் 2018 கட்டுரையில் இதைக் கண்டித்திருக்கிறார்கள்.

இன்னொரு எல்லையும் அவர்களே சொன்னதுதான். இந்தச் சமன்பாடு பல திசையில் விரிசல் ஓடி, எந்தத் திசையும் தனியாக ஆதிக்கம் செலுத்தாத பாறைக்கு. கட்டிகள் நீங்கள் குடையும் அளவோடு ஒப்பிடும்போது சிறியதாக இருக்க வேண்டும். கட்டி இரண்டு மீட்டர் என்று வையுங்கள். 300 மீட்டர் உயரத் திறந்தவெளிச் சுரங்கச் சரிவுக்கு அது சரளை போல; சமன்பாடு செல்லும். அதே பாறையில் நான்கு மீட்டர் அகலச் சுரங்கப்பாதை போட்டால் கூரையில் இருப்பது இரண்டே கட்டி. அங்கே கேள்வி அந்த இரண்டு கட்டியும் விழுமா என்பதுதான். ஜிஎஸ்ஐ அதற்குப் பதில் சொல்லாது.

ஆழத்துக்குப் போனால் கதை தலைகீழ். மேலே சரிவில் விரிசல் அதிகமாக இருந்தால் பயம். மிக ஆழத்தில் விரிசலே இல்லாத உறுதியான பாறைதான் பயம். கனடாவின் மானிடோபாவில் அணுக்கழிவு ஆய்வுக்காக அமைத்த நிலத்தடி ஆய்வகத்தில், 420 மீட்டர் ஆழத்தில், 3.5 மீட்டர் விட்டத்தில் ஒரு சோதனைச் சுரங்கம் 1990களின் தொடக்கத்தில் குடையப்பட்டது. வெடியே வைக்காமல், துளைத்தும் பிளந்தும் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். பாறை விரிசலே இல்லாத கிரானைட். ஆய்வகத்தில் 200 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கியது. எந்த வகைப்பாட்டில் போட்டாலும் முதல் தரம். ஆனால் சுரங்கத்தின் கூரையிலும் தரையிலும் பாறை தகடு தகடாக உரிந்து, வி வடிவப் பள்ளம் விழுந்தது. வட்டக் குடைவின் சுவரில் அழுத்தம் பெரிய அழுத்தத்தின் மூன்று மடங்கிலிருந்து சிறியதைக் கழித்த அளவுக்குக் குவியும் என்பது 1898இலேயே கிர்ஷ் போட்ட கணக்கு. அங்கே சுற்றியிருந்த அழுத்தங்கள் ஏறக்குறைய 60, 11 மெகாபாஸ்கல். அப்படியானால் சுவரில் 169. ஆய்வக வலிமையைவிடக் குறைவுதான், இருந்தும் உரிந்தது. சுவரோரத்தில் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லாத பாறை, ஆய்வக எண்ணில் பாதி அளவிலேயே நுண்விரிசல் விட்டு உரியத் தொடங்கிவிடுகிறது. விரிசலே இல்லையே என்று படத்தின் 90ஐயும் தாண்டி ஜிஎஸ்ஐ 100க்கு அருகில் போட்டு ஹோக்-பிரவுனை ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் வந்திருக்கும்.

மென்மையான பாறை ஆழத்தில் வேறு மாதிரி: உரியாது, மெல்ல மெல்ல உள்ளே நெருக்கி வரும். ஹோக்கும் மரினோசும் இதற்கு ஒரு எளிய வழிகாட்டி தந்தார்கள். பாறைத்திரளின் ஒட்டுமொத்த வலிமையை, அந்த ஆழத்தின் அழுத்தத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.45 அளவில் இருந்தால், தாங்கு ஏதும் கொடுக்காத சுரங்கம் விட்டத்தில் 1 சதவீதம் சுருங்கும். 0.2 என்றால் 5 சதவீதம். பத்து மீட்டர் விட்டத்துக்கு அரை மீட்டர். 0.1 என்றால் 20 சதவீதம், அதாவது இரண்டு மீட்டர். முதல் கணக்கில் சாதாரண ஏற்பாடு போதும், கடைசிக் கணக்கில் வேலை முறையையே மாற்ற வேண்டும். ஜிஎஸ்ஐயில் இரண்டு விரல் தள்ளி வைத்தால் இந்த விகிதம் பாதியாகிவிடும் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது? என்னைக் கேட்டால், ஏற்கெனவே விழுந்ததையும் நிற்பதையும் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட எண்ணை. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் தென்னாப்பிரிக்க நிலக்கரித் தூண்கள். 1960 ஜனவரி 21 அன்று கோல்புரூக் சுரங்கத்தில் கூரையைத் தாங்கவிட்டிருந்த நிலக்கரித் தூண்கள் வரிசையாக நொறுங்கி 400க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளே மாட்டி இறந்தார்கள். அதற்குப் பிறகு சாலமனும் மன்ரோவும் ஆய்வகத்தில் நிலக்கரிக் கட்டிகளை நசுக்குவதோடு நிற்கவில்லை. நிற்கும் தூண்கள் 98 இடங்களிலும், நொறுங்கியவை 27 இடங்களிலும் எடுத்து, இரண்டையும் சரியாகப் பிரிக்கும் சூத்திரத்தைத் தேடினார்கள். 1967இல் வெளிவந்த அந்தச் சூத்திரத்தில் 7.2 மெகாபாஸ்கலை, மீட்டரில் அளந்த தூணின் அகலத்தின் 0.46ஆம் அடுக்கால் பெருக்கி, உயரத்தின் 0.66ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத் தூணுக்கு 10.9 மெகாபாஸ்கல் வலிமை. அதே தூணின் அடித்தரையைத் தோண்டி இன்னும் மூன்று மீட்டர் நிலக்கரி எடுத்து, உயரத்தை 6 ஆக்கினால் 6.9. நிலக்கரி மாறவில்லை, மேலே உள்ள மலை மாறவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலிமை போய்விட்டது. "நிலக்கரியின் வலிமை எவ்வளவு" என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமே இல்லை. எந்தத் தூணின் வலிமை என்று கேட்டால்தான் பதில் உண்டு.

சாலைச் சரிவுக்கும் இதையே செய்யலாம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே பாறையில் விழுந்த ஒரு சரிவு இருந்தால், விழுந்த கணத்தில் பாதுகாப்புக் காரணி ஒன்று, அதாவது தாங்கும் விசையும் தள்ளும் விசையும் சமம், என்று வைத்து, உராய்வும் ஒட்டுவிசையும் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கணக்கிடலாம். இரண்டும் தெரியாதபோது விடை ஒரு புள்ளியாக வராது, ஒரு கோடாக வரும். அதனால் என்ன? கோட்டின் எந்தப் பகுதி நம்பும்படி இருக்கிறது என்று விரிசல் முகத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். அந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதுதான் உண்மையான தலைவலி. அதை யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள்.

கண்காணிப்பும் ஒரு வகையில் வலிமை மதிப்பீடுதான். 2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பிங்கம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் ஒரு பிரம்மாண்டச் சரிவு. சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒருவருக்கும் காயமில்லை. சரிவின் அசைவை முன்கூட்டியே அளந்துகொண்டிருந்தார்கள், வேகம் கூடுவதைப் பார்த்து ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள். வடிவமைப்பில் போட்ட எண்ணைப் பாறை மறுத்துப் பேசத் தொடங்கியதைக் கேட்டார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். சுரங்கப்பாதையிலும் அப்படித்தான். சுவர் எவ்வளவு நெருங்கியது, இரண்டு வாரத்தில் நின்றதா என்று அளந்தால், முகப்பில் போட்ட ஜிஎஸ்ஐ சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் நான் அறிக்கையில் வலிமை அட்டவணை போடும்போது ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண் எழுதுகிறேன்: இதற்குக் கீழே போகாது என்பது, நான் நம்புவது, இதற்கு மேலே எதிர்பார்க்காதே என்பது. பக்கத்தில் எந்த அழுத்த வரம்புக்கு, எந்த அளவுக் குடைவுக்கு, எந்தத் திசைக்கு என்று ஒரு பத்தி. ஜிஎஸ்ஐ யார், எந்த முகத்தின் முன் நின்று போட்டது என்று ஒரு பத்தி. கடைசிப் பத்தியின் தலைப்பு "எதற்குப் பயன்படுத்தக் கூடாது". வடிவமைப்பாளர்கள் முதலில் முனகினார்கள்: கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது? மூன்றையும் போட்டு மூன்று முறை ஓட்டுங்கள் என்றேன். சரிவு மூன்றிலும் நின்றால் வெட்டலாம். நடு எண்ணில் நின்று கீழ் எண்ணில் விழுந்தால், இன்னும் இரண்டு துளை போட்டு, அந்தக் காணாமல் போன 40 சென்டிமீட்டரைப் பத்திரமாக எடுக்கும்படி மூன்று குழாய் கோர் பேரல் கொண்டுவரச் சொல்ல வேண்டியதுதான்.